காலையில் கோயில், சாயங்காலம் யானை... நடுவுல இருக்கிற மனுஷங்க எங்கே பாஸ்?

அந்த பி.டி.எஃப் முதலில் வந்தது அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு. ‘இலங்கை: காடும் கலாசாரமும். 7 இரவு, 8 பகல்.’ ஒவ்வொரு நாளுக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி ஐகான். கலாசார நாள் என்றால் பழுப்பு நிறத்தில் தாதுகோபுரம். காட்டு நாள் என்றால் பச்சை நிறத்தில் யானை. எந்த நாளிலும் இரண்டு ஐகானும் சேர்ந்து வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை இதை நான் கவனிக்கவே இல்லை.

அம்மா ஐகான் பக்கமே போகவில்லை. நேராக ஆறாம் நாளுக்கு ஸ்க்ரோல் பண்ணி, “கதிர்காமம் போட்டிருக்கான் பாரு” என்றார். அருணகிரிநாதர் பாடிய தலம். அதற்காகவே 58 வயதில் முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்தார். அந்த நாளுக்கு எதிரே பொடி எழுத்தில் ‘45 நிமிடங்கள், நேரம் இருந்தால்’ என்று இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்படித்தான் போன ஆகஸ்ட்டில் 22 பேர் கொண்ட ஒரு குரூப் டூரில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஐ.டி பசங்க கேங் ஒன்று, ரிட்டயர்டு தம்பதிகள் மூன்று ஜோடி, ஒரு ஹனிமூன் ஜோடி (பாவம்), அப்புறம் நாங்கள்.

“குரூப் டூரா? அது அங்கிள்ஸ் போறதாச்சே!” என்று ஆபீஸில் கலாய்த்தார்கள். சோலோ ட்ரிப்தான் கெத்து என்று ரீல்ஸ் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், மொழி தெரியாத நாட்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் குரூப் டூரின் அருமை தெரியும். 22 பேர் ஒரே பஸ்ஸில் போவது, தனித்தனியாக எட்டு கார் பிடிப்பதைவிட ஊருக்கும் நல்லதுதான். அதனால், இது குரூப் டூரைத் திட்டுகிற கட்டுரை இல்லை. அந்த பஸ்ஸின் ஜன்னல் வழியே எது தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025-ல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 லட்சத்துக்கும் மேல். 2018-ன் சாதனையை இது தாண்டிவிட்டது. அதில் முதலிடம் இந்தியர்களுக்கு, 5 லட்சத்துக்கும் மேல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. சென்னைக்கு அடுத்து திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் வந்துவிட்டது. நடுவில், நவம்பர் கடைசியில் டித்வா புயல். 600-க்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை என நம் ஆள்கள் செல்ஃபி எடுக்கும் மலை மாவட்டங்களில்தான் அடி பலம். ஆனாலும் அடுத்த சில வாரங்களிலேயே ‘வாங்க வாங்க’ என்று அழைப்பு வந்துவிட்டது. வரத்தான் வேண்டும், அந்த நாட்டுக்கு டாலர் தேவை. எந்த மாதிரி டூரில் போகிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜிபே பண்ணலாம்.

ராஜா வெட்டின குளத்துல யானைக்கு என்ன வேலை?

முதல் பச்சை யானை ஐகான், மின்னேரியா. வறட்சிக் காலத்தில், முக்கியமாக ஆகஸ்ட், செப்டம்பரில், இருநூறு முந்நூறு யானைகள் ஒரே இடத்தில் கூடும். ஆசிய யானைகள் இத்தனை பெரிய கூட்டமாகச் சேர்வது உலகத்திலேயே அபூர்வம். கைடு இதைச் சொன்னதும் பஸ்ஸே ‘வாவ்’ என்றது. அவர் சொல்லாமல் விட்டது, அந்த யானைகள் கூடுவது மகாசேனன் என்ற ராஜா சுமார் 1,700 வருஷத்துக்கு முன் கட்டிய குளத்தில் என்பதை. நெல்லுக்காகக் கட்டிய குளம். மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் உள்வாங்கும், ஈரமான தரையில் பசும்புல் முளைக்கும், சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது யானைகளுக்கு அதுதான் மெஸ். மனிதன் கட்டிய குளம் இல்லையென்றால் இந்தக் காட்சியே கிடையாது. இப்போ சொல்லுங்க, இதுக்குப் பச்சை ஐகானா, பழுப்பு ஐகானா?

இது வெறும் ஐகான் சண்டை இல்லை. மொரகஹகந்த அணை 2018-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு, வறட்சிக் காலத்திலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்துவிடுவதால் குளம் உள்வாங்குவதில்லை, புல் தண்ணீருக்குள் மூழ்கிவிடுகிறது என்று சூழலியலாளர்கள் சொல்லிவருகிறார்கள். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், யானைக்குப் புல் வேண்டும். இரண்டும் ஒரே குளத்தில். எங்கள் பி.டி.எஃப்பில் மின்னேரியா என்று இருந்தது, ஜீப்கள் போனது பக்கத்திலிருக்கும் கவுடுல்லவுக்கு. “யானை அங்கேதான் இருக்கு” என்றார் ஜீப்காரர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தங்கிய ஹபரண பக்கத்தில்தான் 2025 பிப்ரவரி 20 அன்று, ரயில் மோதி ஒரே நேரத்தில் ஆறு யானைகள் செத்தன. இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் சுமார் 70 சதவிகிதம், பூங்காக்களுக்கு வெளியே, மக்களும் வாழ்கிற ஊர்களில்தான் இருக்கிறது. 2023-ல் மட்டும் 470-க்கும் அதிகமான யானைகளும், 150-க்கும் அதிகமான மனிதர்களும் இறந்துபோனார்கள். துப்பாக்கி, மின்வேலி, தீவனத்துக்குள் ஒளித்துவைத்து வாயில் வெடிக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்று காரணங்கள் நீள்கின்றன. சஃபாரி ஜீப்பில் நாம் பார்க்கும் யானை ராத்திரி எங்கே போகிறது என்று யோசித்தாலே போதும், டூர் வேறு மாதிரி ஆகிவிடும். அது ஒரு சோளக் கொல்லைக்குப் போகிறது. அங்கே மர உச்சியில் பரண் கட்டி ஒருத்தர் கண் முழித்து உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பின்னாளில் கொஞ்சம் தோண்டினேன். பதில் ரொம்ப சிம்பிள். டிக்கெட். சிகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களுக்கு டிக்கெட் கொடுப்பது மத்திய கலாசார நிதியம். பூங்காக்களுக்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். இரண்டு ஆபீஸ், இரண்டு கவுன்டர், அதனால் பி.டி.எஃப்பிலும் இரண்டு ஐகான். டிக்கெட் இல்லாத எதுவும் டூரில் ‘வழியில் பார்ப்பது’தான். ஊர், வயல், தோட்டம், அதில் இருக்கும் மனிதர்கள், எல்லாமே ஜன்னல் சீட் ஐட்டம். நடுவில் மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் கடை, பத்திக் துணிக்கடை மட்டும் டிக்கெட் இல்லாமலேயே தலா ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ளும். அது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

கல்லுல இருந்தது தமிழ்

பொலன்னறுவையில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. புனிதச் சதுக்கத்தில், ‘கல் பொத்த’ என்ற பிரமாண்டமான கல்வெட்டைக் காட்டிவிட்டு கைடு நகர்ந்துவிட்டார். அம்மா மட்டும் பக்கத்தில் இன்னொரு கல்லின் முன்னால் நின்றுகொண்டு, “இது நம்ம எழுத்து மாதிரி இருக்கே” என்றார். கூப்பிட்டுக் கேட்டேன். கைடின் முகமே மாறிவிட்டது. அது வேளைக்காரர் கல்வெட்டு. 12-ம் நூற்றாண்டில், வேளைக்காரப் படையினர், புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று பொறுப்பேற்றுத் தமிழில் பொறித்துவைத்தது. பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படை காவல். வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் இரண்டு பக்கமும் சொல்லித்தரும் வரலாற்றில் இதற்கு இடமே இல்லை.

கைடு சிங்களவர், லைசென்ஸ் உள்ளவர், ஆங்கிலத்தில் நன்றாகப் பேசினார். எங்களுக்காக நேரம் ஒதுக்கி, சோழர் காலத்துச் சிவன் கோயிலான வானவன்மாதேவி ஈச்சரம் வரை கூட்டிப் போனார். முழுக்கக் கல்லால் ஆன, இன்றைக்கும் அப்படியே நிற்கும் சின்னக் கோயில். பெயர்ப்பலகையில் வெறும் ‘சிவா தேவாலய 2’. “இந்தியன் குரூப் இதையெல்லாம் கேட்கவே மாட்டாங்க. லஞ்ச் எப்போனுதான் கேட்பாங்க” என்றார். சுருக்கென்று இருந்தது. உண்மைதானே! பாதி தப்பு டூர்காரர்கள் மேல் என்றால், மீதி நம் மேல்.

அந்த மீதி, அடுத்த நாள் தம்பானையில் நன்றாகவே வெளிச்சமானது. இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களின் ஊர். பி.டி.எஃப்பில் ‘பழங்குடி அனுபவம், 30 நிமிடங்கள், இலவசம்’. தோளில் கோடரியோடு வந்த பெரியவர்கள் வில் விட்டுக் காட்டினார்கள், ஆடினார்கள். எங்கள் குரூப் வீடியோ எடுத்தது. அப்புறம் தேன் பாட்டிலுக்குப் பேரம் பேசியது. நானும் அந்த குரூப்தான்.

அங்கேயும் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தம்பானையை ஒட்டி இருக்கும் மாதுறு ஓயா காட்டை 1983-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். காட்டைக் காப்பாற்றத்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டப்படி அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ, இதைச் சொல்ல 1996-ல் ஜெனீவாவில் ஐ.நா கூட்டம் வரை போனார். ‘வைல்டு நேச்சர்’ என்று பச்சை ஐகான் போடுகிறோமே, அந்த ‘ஆளில்லாத காடு’ பல இடங்களில் ஆள்களை வெளியேற்றித்தான் உருவானது. கிழக்கே வாகரைப் பக்கம் கடலோரத்தில் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள். எந்த டூர் பஸ்ஸும் அங்கே நிற்பதாகத் தெரியவில்லை. நின்றால் நல்லதா, நிற்காமல் இருப்பதே நல்லதா என்பதிலும் எனக்கு ரெண்டு மனசு.

“எங்க பூட்டன் வந்ததும் குரூப் டூர்தான் தங்கச்சி!”

கண்டியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ட்ராஃபிக்கில் பாதி நாள் போய்விட்டது.

நுவரெலியா ஏறும்போதுதான் எங்கள் டிரைவர் அண்ணன் முதன்முறையாக வாயைத் திறந்தார். அதுவரை நான்கு நாள் அவருக்குத் தமிழ் தெரியும் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். டீ குடிக்க நின்ற இடத்தில், எங்கள் குரூப் கொழுந்து பறிக்கும் அம்மாக்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர் பஸ்ஸில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு இது எல்லாம் பழகியிருக்கும்ல அண்ணா?” என்று சும்மா கேட்டேன்.

“எங்கம்மா இன்னும் மலைக்குப் போறாங்க தங்கச்சி. 1,350 ரூவா பேரு. அதுவும் கிலோ சரியா எடுத்தாத்தான் முழுப் பேரு, இல்லாட்டி அரைப் பேரு” என்றார். ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். அந்த 1,350 ரூபாய்கூட 2024-ல்தான் வந்தது. 2026 பட்ஜெட்டில் அதை 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நான் வாங்கிய டீ டப்பாவின் விலை, அவர் அம்மாவின் ஒரு பேரைவிட அதிகம்.

இந்தியாவிலிருந்து எப்போ வந்தீர்கள் என்று ஐ.டி கேங்கில் ஒரு தம்பி கேட்டான். அண்ணன் சிரித்துவிட்டார். “இருநூறு வருஷமாச்சு தம்பி. எங்க பூட்டன் வந்ததும் குரூப் டூர்தான். கங்காணிதான் கைடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, படகில் மன்னார்க் கரையில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியே நடத்தி மாத்தளைக்குக் கூட்டிவந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அந்த வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2023-ல், வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர, அவர்களின் வாரிசுகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். வரும்போது இருந்தது காடு. இந்த மலையில் முன்பு இருந்ததும் காடு. அதை வெட்டித் தோட்டம் ஆக்கியது அவர்களின் கைகள். 1948 சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது, திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் பெரும்பாலானோர் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து லயங்களில், சொந்தமாக நிலம் இல்லாமல். நம் பி.டி.எஃப்பில் அதன் பெயர் ‘பச்சைக் கம்பளம்’.

“புலி பாக்கத்தானே நாளைக்கு யால போறீங்க? எங்க லயத்துக்குப் பின்னாடி ராத்திரி வந்து நாயத் தூக்கிட்டுப் போகும்” என்றார் அண்ணன். அவர் சொன்னது சிறுத்தையை. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் மாட்டிச் சாகவும் செய்கின்றன. 2020-ல் ஹட்டனுக்கு அந்தப் பக்கம் நல்லதண்ணியில், அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. மயக்க ஊசி போட்டு மீட்டும் பிழைக்கவில்லை. சுருக்கு வைப்பவருக்குப் பன்றி இறைச்சியும் வேண்டும், காய்கறிப் பாத்தியும் தப்பிக்க வேண்டும். தன் லயத்துக்குப் பின்னால் வரும் சிறுத்தையால் அவருக்கு இதுவரை ஒரு ரூபாய் வந்ததில்லை. அதே சிறுத்தை யாலவில் இருந்தால் ஹோட்டல், ஜீப், டிக்கெட் என்று ஊரே வாழ்கிறது.

கொட்டியா!

சரி, யால. காலை ஐந்தரைக்கு கேட்டில் ஜீப் வரிசை. யாலவின் முதல் வட்டாரம் சுமார் 140 சதுர கிலோமீட்டர். உலகத்திலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் காடுகளில் ஒன்று. புலி, சிங்கம் இல்லாத தீவு என்பதால் இங்கே சிறுத்தைதான் ராஜா. அதனாலேயே எல்லா ஜீப்பும் இங்கேதான். ஏழு மணிக்கு ஒரு போன் கால். அவ்வளவுதான், ரேஸ் ஆரம்பம். புழுதிக்குள் எண்ணிப் பார்த்தேன், 30-க்கு மேல் நிறுத்திவிட்டேன். ஜீப் மேல் ஜீப் இடிக்காத குறை. “கொட்டியா! கொட்டியா!” என்று எங்கள் ஜீப்காரர் கத்தினார். மரக்கிளையில் ஒரு வால். எனக்குக் கிடைத்தது வால் மட்டும். அம்மாவுக்கு முன்ஜீப் அங்கிளின் தொப்பி.

சாயங்காலம் இதை டிரைவர் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிங்களத்தில் சிறுத்தைக்கும் ‘கொட்டியா’தான், போராளிப் புலிக்கும் அதே சொல்தான். “சண்டை நேரம், கொழும்புல வேலை பாத்தப்ப, செக் பாயின்ட்ல ஐடென்டி கார்டுல பேரப் பாத்துட்டு அந்த வார்த்தையத்தான் சொல்லுவான். இப்ப அதைக் கேட்டா ஃபாரினர் எல்லாம் எந்திரிச்சு நிக்கிறாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். காடும் அந்தச் சண்டைக்கு வெளியே இருக்கவில்லை. வில்பத்து பூங்கா வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2006-ல் அங்கே கண்ணிவெடியில் ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் நாவலாசிரியர் நிஹால் டி சில்வா. காட்டைப் பார்க்கப் போனவர்கள்.

மறுநாள் கதிர்காமம். காலை சஃபாரிக்கு இன்னொரு ட்ரிப் போடலாம் என்று குரூப்பில் பாதிப் பேர் சொன்னதால், 45 நிமிஷம் 35 ஆனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டு, பழத்தட்டோடு வேகமாக நடந்தார். கருவறையில் மூர்த்தி தெரியாது, திரைச்சீலைதான். பூசை செய்பவர்கள் சிங்களக் கப்புறாளைகள். வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசல், அந்தப் பக்கம் கிரி வெஹெர தாதுகோபுரம். வள்ளி வேடர் குலப் பெண் என்பதால் தம்பானைக்காரர்களுக்கும் இது சொந்தக் கோயில். ‘மல்டிகல்ச்சுரல்’ என்று பி.டி.எஃப்பில் எட்டு இடத்தில் போட்டிருந்தார்கள், அது நிஜமாகவே இருந்த ஒரே இடத்துக்கு 35 நிமிஷம்.

திரும்பும் வழியில் மர நிழலில் வயதான அம்மாக்கள் நான்கைந்து பேர். மட்டக்களப்புப் பக்கம். வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள், இந்த முறை பேரன் பிரார்த்தனைக்காக பஸ்ஸில் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் ஆரம்பித்து, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக வரும் யாத்திரை அது. உகந்தைமலை முருகன் கோயிலோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் குமண, யால காடு. வருஷத்தில் திருவிழாவை ஒட்டி சில நாள்கள் மட்டும் அந்தக் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். நாலைந்து நாள் நடை. தமிழர்கள், சிங்களவர்கள் எல்லோரும் நடக்கிறார்கள்.

“யானை, சிறுத்தை வராதாம்மா?” என்று கேட்டேன்.

“வரும்தான் மகள். அரோகரா சொல்லிக்கொண்டு நிண்டா, அது தன்ர பாட்டில போகும். அதின்ர வீட்டுக்குள்ளதானே நாங்க போறம்” என்றார் ஒருவர்.

நேற்று நான் ஜீப்பில் டிக்கெட் வாங்கி, புழுதி பறக்கப் போன அதே காடு. அவர் அதைக் கோயிலின் முற்றமாகப் பார்க்கிறார். பாதயாத்திரையிலும் பிரச்னைகள் உண்டு, அவ்வளவு பேர் நடந்தால் பிளாஸ்டிக் சேரத்தான் செய்கிறது. ஆனால், காட்டையும் கோயிலையும் ஒரே பயணத்தில் சேர்த்துவைத்திருக்கும் ‘கைடட் குரூப் டூர்’ இந்தத் தீவில் ஏற்கெனவே இருக்கிறது. யாருக்கும் ஐகான் தேவைப்படவில்லை.

காலி கோட்டை அழகு, வெயில் ஜாஸ்தி. எனக்கு அங்கே வேறு ஒரு ஆசை இருந்தது. 1911-ல் காலியில் மதகு மூடும் கல்லாகக் கிடந்து கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று தேதி போட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். கடைசி நாள் கொழும்பில் மூன்று மணி நேரம் இருந்தது. பி.டி.எஃப்பில் ‘ஷாப்பிங்’. மாலுக்குப் போனோம்.

சரி, நீங்கள் போவதாக இருந்தால்? காசு கட்டும் முன் டூர்காரரிடம் கைடு யார் என்று கேளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் லைசென்ஸ் இருக்கிறதா, நாடு முழுக்க வருபவரா, ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் கைடு கிடைப்பாரா என்று கேட்டால், பதிலைவிடப் பதில் வரும் வேகம் நிறையச் சொல்லும். யாலவுக்கு பதில் வில்பத்து, குமண முடியுமா என்று கேளுங்கள், கூட்டம் குறையும். கடை ஸ்டாப் எத்தனை என்று கேட்டால் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை. பஸ்ஸில் டிரைவரிடம் முதல் நாளே பேர் கேளுங்கள். நான் ஐந்தாம் நாள்தான் கேட்டேன்.

டித்வாவுக்குப் பிறகு அந்த அண்ணனுக்கு போன் போட்டேன். இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்ததும், “உயிருக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. லயத்துக்கு மேல மண்ணு சரிஞ்சி, அம்மா எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க. டூர் வந்தாச் சொல்லுங்க” என்றார்.

போன வாரம் புது பி.டி.எஃப் வந்தது. கோடை விடுமுறை ஆஃபர். மலைநாட்டு நாளில் தோட்டத்து மக்களைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா, அந்த டிரைவரே நன்றாகப் பேசுவார் என்று டூர் ஒருங்கிணைப்பாளருக்கு மெசேஜ் போட்டேன். “மேடம், டிரைவருக்கு டிரைவிங் மட்டும்தான். பேசினா ரிவ்யூல ஸ்டார் குறையும்” என்று வாய்ஸ் நோட் வந்தது. தம்பானையைத் தூக்கிவிட்டு ஜிப்லைன் போட்டிருந்தார்கள். மின்னேரியாவுக்குப் பக்கத்தில் அதே பச்சை யானை.

ஆறாம் நாளில் மட்டும் ஒரு மாற்றம். ‘கதிர்காமம், 2 மணி நேரம்’ என்று இருந்தது. ‘நேரம் இருந்தால்’ இல்லை. எனக்கு ஒன்றும் புரியாமல் அம்மாவிடம் காட்டினேன்.

“ஊருக்கு வந்த அன்னிக்கே அந்தப் பையனுக்கு நாலு நிமிஷம் வாய்ஸ் நோட் போட்டேன்ல” என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.